ஏழாம் வால்வு

காரை விற்கலாம் என்று முதலில் வாயைத் திறந்தவன் கோகுலன்தான். வந்த வினையெல்லாம் அதிலிருந்துதான். வித்தியா சொல்லியிருந்தால் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் திரிந்திருக்கலாம். கறியில் உப்பில்லை என்று குறை பிடித்திருக்கலாம். கடைசியில் பெரிய மனது பண்ணி அவளை மன்னித்து, காரையும் வைத்துக்கொண்டிருக்கலாம். தன் வாயால் தானே சொன்னதற்கு யாரோடு கோபிப்பது?

சொன்னது மழையில். அன்றைக்கு இரட்டைப் பிள்ளைகளுக்கும் ஊசி போடுகிற நாள். கோகுலனின் மொறிஸ் மைனருக்கு இரண்டே கதவு. பின்சீட்டில் ஒரு பிள்ளையை வைப்பதென்றால் முன்சீட்டை மடித்து, இடுப்பை வளைத்து, தலையை உள்ளே விட்டு, முதுகை வெளியே விட வேண்டும். அன்றைக்கு முதுகை வெளியே விட்டவள் வித்தியா. ஒரு பிள்ளையை வைத்து முடித்து மற்றதை வாங்கத் திரும்பியபோது, அவளுடைய சேலையைப் பிழிந்தால் ஒரு வாளி நிரம்பும். பக்கத்தில் ஒரு கையில் மற்றப் பிள்ளையும் மறு கையில் குடையுமாக நின்ற கோகுலன் நனையவில்லை. குடை முழுக்கத் தன் தலைக்கு மேலேயே இருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான். அந்த வெட்கத்தில் அவனுக்கு ஒரு வீரம் வந்துவிட்டது.

“உதை வித்துப்போட்டு நாலு கதவுக் கார் ஒண்டு எடுப்பம், வித்தியா,” என்றான்.

அவள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவனை ஒருமுறை பார்த்தாள். சீச்சீ, வேண்டாம், அது உங்கடை உயிரெல்லோ என்று சொல்லுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவளோ “ஓம்” என்று சொல்லிவிட்டு மற்றப் பிள்ளையைக் கையில் வாங்கினாள். அவ்வளவுதான். ஒரே சொல்லில் மொறிஸ் மைனரின் கதை முடிந்தது.

பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பழைய கார். கோகுலனுக்கு அப்படியில்லை. கரவெட்டியில் அவர்கள் குடியிருக்கிற வளவு வித்தியாவின் சீதனம். கல்வீடு, கிணறு, மாமரங்கள், வேலியோரத்துத் தென்னை, எல்லாம் அவள் பேரில். ஊர் வழக்கம் அது, அதில் அவனுக்கு மனக்குறை எதுவும் இல்லை. மாம்பழம் சாப்பிடும்போது காணி உறுதி யார் பேரில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் கலியாணம் முடித்து, நெல்லியடிச் சந்தியால் திரும்பி, அந்த வேலிப் படலைக்குள் வந்தபோது அவன் தன்னுடையது என்று ஓட்டிக்கொண்டு வந்தது இந்த மொறிசைத்தான். அதைக் கழித்துப் பார்த்தால் அந்த வளவுக்குள் அவன் பேரில் மிஞ்சுவது ஒரு சைக்கிள் பம்பும் ஒரு சேவிங் செட்டும்தான். இதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயம்தான். என்றாலும் வலித்தது.

அதிலும் அது வெறும் மொறிஸ் இல்லை. வெளித்தோற்றத்துக்கு ஓய்வுபெற்ற தலைமை வாத்தியாரின் கார். முன்மூடியைத் திறந்தால் கதை வேறு. பழைய சின்ன எஞ்சினைக் கழற்றிவிட்டு, விபத்தில் நொறுங்கிய ஒரு மரீனாக் காரின் எஞ்சினை வாங்கி, சிலிண்டர்களைக் கடைந்து பெருப்பித்து, பெற்றோலைக் காற்றோடு கலந்து அனுப்புகிற காபரேற்றர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டைப் பூட்டி, இங்கிலாந்தில் இருக்கிற சிநேகிதன் ஜெயசுதன் பார்சலில் அனுப்பிய வால்வுகளைத் திறக்க வைக்கிற வேகக்காரக் கேம் தண்டு ஒன்றையும் உள்ளே இறக்கியிருந்தான். பகலெல்லாம் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவன், பின்னேரமெல்லாம் எண்ணெயில் கை நனைத்துச் சேர்த்த எஞ்சின் அது. குடாநாட்டில் ஏறுவதற்கு மலையும் இல்லை, விட்டு ஓட்டுவதற்கு ரோட்டும் இல்லை, இவ்வளவு பலம் எதற்கு என்று கேட்டால் அவனிடம் பதில் கிடையாது. வல்லை வெளியில் காற்றை எதிர்த்து ஒரு வேன்காரனை முந்தும்போது அந்தக் கேள்வியே மறந்துபோகும்.

இப்படிப்பட்ட எஞ்சினுக்கு வால்வு இடைவெளியை அடிக்கடி பார்க்க வேண்டும். காற்றும் பெற்றோலும் வர, புகை போக எட்டு வாசல், வாசலுக்கு ஒரு வால்வு, வால்வுக்கு மேலே அதைத் தட்டித் திறக்கிற ஒரு சின்ன இரும்புக் கை. கைக்கும் வால்வுக்கும் நடுவில் நூலளவு இடம் விட வேண்டும். இடம் குறைந்தால் வால்வு சரியாக மூடாமல் கருகிப்போகும். கூடினால் கை வால்வில் அடித்து அடித்து ஊரைக் கூட்டும். புத்தகத்தில் உள்ள அளவு பழைய கேமுக்கு. ஜெயசுதன் அனுப்பிய கேமுக்கு, எஞ்சின் சூடாக இருக்கையில், ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி அதில் பதினாறு கூறு. பீலர் என்கிற மெல்லிய எஃகுத் தகட்டை இடையில் விட்டு இழுத்தால் அது பட்டும் படாமலும் வர வேண்டும்.

அது இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவர் காருக்கு முன்னால் குந்தியிருந்து ஹாண்டிலைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும், மற்றவர் மேலே நின்று வால்வைப் பார்க்க வேண்டும். கலியாணமான புதிதில், இந்த மனிதனோடு இருந்து கதைக்க வேறு வழியில்லை என்று கண்டுதான் வித்தியா ஹாண்டிலைப் பிடித்தாள். பிறகு அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ அந்த எண்ணை ஒன்பதில் கழித்தால், இப்போது சரிபார்க்க வேண்டிய வால்வு வரும். கழித்தல் வித்தியாவின் இலாகா. பிரதேச செயலகத்தில் நாள் முழுக்கக் கணக்கோடு மாரடித்துவிட்டு வந்தாலும் இந்தக் கணக்கில் அவளுக்குச் சலிப்பு வந்ததில்லை. அவன் மேலே நின்று “நாலு திறந்திட்டுது” என்பான். அவள் கீழே இருந்து “அஞ்சு” என்பாள். பக்கத்து வீட்டுக் குணலட்சுமி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, புருசனும் பெண்சாதியும் சின்ன வகுப்புக் கணக்குப் பாடமாக்குகினம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

சரி, விற்பது என்று ஆகிவிட்டது. விளம்பரம் போட வேண்டும். கோகுலன் இன்று நாளை என்று இழுத்துப் பார்த்தான். வித்தியா ஒன்றும் அவசரப்படுத்தவில்லை, ஆனால் விடவும் இல்லை. கடைசியில் அவன் படம் எடுத்து முகநூலில் போட்டான். கொட்டிலின் இருட்டுக்குள் எடுத்த ஒரே படம். படத்தில் பாதி அவனுடைய கட்டைவிரல். கீழே, “பழைய கார். பழுதுகள் உண்டு” என்று ஒரு வரி.

“உதென்ன, பெருவிரலையோ விக்கப் போறியள்?” என்று கேட்ட வித்தியா, தானே காரை வெளியே எடுப்பித்து, கழுவி, மாமரத்தடியில் நிறுத்தி, நாலு பக்கமும் வடிவாகப் படம் எடுத்துப் போட்டாள். சாம்பல் நிற மொறிஸ் வெயிலில் மாப்பிள்ளை மாதிரி நின்றது. அன்றைக்கே தொலைபேசி வந்தது.

பேசியவர் பருத்தித்துறைப் பஞ்சலிங்கம். கப்பலில் எஞ்சினியராக உலகமெல்லாம் சுற்றி ஓய்ந்து, இப்போது வீட்டில் இரண்டு பழைய கார்களை வைத்துப் பிள்ளை மாதிரி வளர்க்கிறவர். மூன்றாவதற்கு ஆசைப்படுகிறார். சனிக்கிழமை காலமை வருவாராம். வந்து பார்த்தால் வாங்காமல் போகிற ஆள் இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

யோசித்து யோசித்து அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். கப்பல் எஞ்சினியர் காதால்தான் கார் வாங்குவார். காதுக்குப் பிடிக்காமல் செய்துவிட்டால் போச்சு. பழுதாக்க வேண்டியதில்லை, வால்வைக் கொஞ்சம் இளக்கிவிட்டால் போதும். சத்தம் வரும், ஆள் ஓடும், ஒரு பின்னேரத்தில் திருப்பிச் சரிசெய்து விடலாம். வந்து பார்க்கிற ஒவ்வொருவரும் இப்படியே ஓடினால், “என்ன செய்யிறது, ஒருத்தரும் எடுக்கினமில்லை” என்று வித்தியாவிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்லலாம். வாக்குத் தவறியதாகவும் இருக்காது. இப்படி ஒரு கெட்டிக்காரத்தனம் தனக்குள் இருந்தது இவ்வளவு நாளும் தெரியாமல் போயிற்றே என்று அவன் தன்னையே மெச்சிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். வித்தியா செயலகக் கந்தோரில். பிள்ளைகள் குணலட்சுமி அக்கா வீட்டில். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, தனியாளாக முன்னுக்குப் போய் ஹாண்டிலைச் சுற்றி, மேலே ஓடி வந்து வால்வைப் பார்த்து, திரும்ப முன்னுக்கு ஓடி, ஒரு வழியாக எட்டையும் இளக்கினான். வேறு யாராவது என்றால் திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறுக்கு முறுக்கி விட்டிருப்பார்கள். கோகுலனுக்கு அது வராது. களவுக்கும் அவன் பீலர் எடுத்தான். எட்டு வால்வுக்கும் ஒரே அளவாக முப்பது வைத்து, நட்டுகளை ஒழுங்காக இறுக்கி, எண்ணெயையும் துடைத்துவிட்டு மூடினான். ஸ்ரார்ட் பண்ணினால், தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரிச் சத்தம். அவன் முன்மூடியைத் தடவிக்கொடுத்து, “கோவிக்காதை,” என்றான்.

சனிக்கிழமை காலமை பஞ்சலிங்கம் ஆட்டோவில் வந்து இறங்கினார். வெள்ளைச் சாரம், மடிப்புக் கலையாத சேட்டு, முதுகு வளையாத ஆள். காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். குனிந்து கீழே பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். மூடிய சத்தத்தில் அவருக்குத் திருப்தி.

“பொடி, தகரமெல்லாம், தங்கம் தம்பி. எங்கை, ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணுங்கோ.”

கோகுலன் சாவியைத் திருப்பினான். காது கொடுத்துக் கேட்க முடியாத சத்தம். மாமரத்தில் இருந்த காகம் எழும்பிப் போயிற்று. குணலட்சுமி அக்கா ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியடிக்கு வந்துவிட்டாள். தேத்தண்ணீர்த் தட்டோடு வெளியே வந்த வித்தியா அப்படியே நின்றாள்.

“இதென்ன சத்தம் இது? போன கிழமை நல்லாத்தானே கிடந்தது?”

“வயசு போன எஞ்சின் எல்லோ,” என்றான் கோகுலன். முகத்தில் வேண்டிய அளவு துக்கம் இருந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியிருந்தான்.

பஞ்சலிங்கம் தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ஆமை தலையை இழுப்பது போல அவருடைய ஆசை உள்ளே போய்விட்டதைக் கோகுலன் கண்ணாலேயே கண்டான்.

“கார் வடிவுதான். ஆனா எஞ்சின் கூடாது. எனக்கு மனம் வரேல்லைத் தம்பி. குறை நினைக்காதேங்கோ. வாறன்.”

“பரவாயில்லை ஐயா. என்ன செய்யிறது,” என்று கோகுலன் பெருமூச்சு விட்டான். உள்ளுக்குள் ஒரு மேளக் கச்சேரியே நடந்தது. நினைத்தது நினைத்தபடி முடிந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

பஞ்சலிங்கம் படலை வரை போனார். படலையில் கை வைத்தவர் திரும்பினார்.

“தம்பி, உந்த எஞ்சினை ஆர் கட்டினது?”

சாவகச்சேரிப் பக்கம் ஒரு ஆள் என்று சொல்லப் பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. “நான்தான்” என்று வந்துவிட்டது.

“நீங்களோ? நீங்கள் ஆஸ்பத்திரியிலை மருந்து குடுக்கிற ஆள் எல்லோ?”

“ஓம்.”

“அதுதான்,” என்றார் பஞ்சலிங்கம், மிகவும் இரக்கத்தோடு. “உதைக் கழட்டி இரும்புக்காரனுக்குப் போடுங்கோ. ரெண்டு காபரேற்றரும் பூட்டி, கிலுகிலுப்பை மாதிரி ஒரு எஞ்சின். பாவம், நல்ல கார்.”

திட்டியிருந்தால் கோகுலன் பொறுத்திருப்பான். அந்த ‘அதுதான்’ அவனைச் சுட்டது. எத்தனை பின்னேரங்கள், எத்தனை தரம் பூட்டி எத்தனை தரம் பிரித்தது, நகத்துக்குள் போன கறுப்பு ஒரு நாளும் முழுதாகப் போனதில்லை. எல்லாம் ஒரு கிலுகிலுப்பை. இவர் போய்ப் பருத்தித்துறை முழுக்கச் சொல்லுவார். மருந்து வாங்க வருகிறவர்கள் யன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பார்கள். காதுமடல் இரண்டும் சூடாகிவிட்டன.

“ஐயா, ஒருக்கா நில்லுங்கோ!” என்று கத்தினான். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. எஞ்சினிலை ஒரு குறையும் இல்லை. வால்வு கொஞ்சம் இளகிப்போச்சு, அவ்வளவுதான். கண்ணுக்கு முன்னாலை செய்து காட்டிறன். வித்தியா, ஹாண்டிலை எடும்!”

பஞ்சலிங்கத்துக்கும் வேறு அவசரம் இல்லை. கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணீரை எடுத்தார். கோகுலன் சேட்டுக் கையை மடித்துவிட்டு, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, வால்வு மூடியைக் கழற்றினான். பதினாறு என்கிற அளவுக்கு அந்தச் சூடு தேவை. சுற்றுவதற்கு இலேசாக இருக்கட்டும் என்று, பெற்றோலுக்குப் பொறி வைக்கிற பிளக்குகளைச் சீலை பிடித்துக் கழற்றி வைத்தான். வித்தியா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் குந்தினாள். பிள்ளைகள் பிறந்த பிறகு அவள் ஹாண்டிலைப் பிடிப்பது இதுதான் முதல் தடவை.

“எட்டுத் திறந்திட்டுது.”

“ஒண்டு.”

நட்டை இளக்கி, பதினாறாம் தகட்டை விட்டு, திருகாணியைத் திருப்பி, திருகாணியைப் பிடித்தபடியே நட்டை இறுக்கினான். நட்டு இறுகும்போது திருகாணியும் அதோடு மயிரளவு திரும்பப் பார்க்கும். அதற்குக் கணக்கு வைத்து முன்கூட்டியே இடம் விட வேண்டும். கோகுலனுடைய கை யோசிக்காமலே விட்டது. பஞ்சலிங்கம் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்தார்.

“ஆறு திறந்திட்டுது.”

“மூண்டு. எவ்வளவு கூடிக் கிடக்கு?” என்று கேட்டபடி வித்தியா எழும்பி வந்தாள். வந்தவள் பீலர் தகடுகளை எடுத்து விரித்து, அவன் தொடுவதற்கு முன் தானே ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தாள். முப்பதாம் தகடு அளவெடுத்துச் செய்த மாதிரி உள்ளே போயிற்று. திரும்பிப் போய் ஹாண்டிலைச் சுற்றினாள். ஐந்தாம் வால்வுக்கும் வந்து பார்த்தாள். முப்பது. இரண்டாம் வால்வுக்கும் முப்பது. விரலால் நட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது இறுக்கமாக இருந்தது.

“எல்லாம் முப்பதோ?” என்று பஞ்சலிங்கத்துக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“ம்,” என்றான் கோகுலன், தலையை நிமிர்த்தாமல்.

“எட்டும் ஒரே கிழமையிலை, ஒரே அளவுக்கு, நட்டும் இளகாமல் இளகினதோ?”

கோகுலன் பீலர் தகடுகளைச் சீலையால் துடைத்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு முன்னால் போய்க் குந்திக்கொண்டாள். அவன் நின்ற இடத்திலிருந்து அவளுடைய கொண்டை மட்டும்தான் தெரிந்தது. கொண்டையைப் பார்த்துக் கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க எந்தப் புருசனாலும் முடியாது.

அதற்குப் பிறகு எண்களைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஒன்று திறந்தது, எட்டு. மூன்று திறந்தது, ஆறு. ஐந்து திறந்தது, நாலு. பஞ்சலிங்கம் எப்போது கதிரையை விட்டு எழும்பினார் என்று தெரியாது. இப்போது கோகுலனுடைய தோளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

“ரெண்டு திறந்திட்டுது,” என்றான் கோகுலன்.

இந்த முறை முன்னால் இருந்து குரல் வரச் சுணங்கியது.

“ஏழு,” என்றாள் வித்தியா.

கடைசி வால்வு. அப்போதுதான் அவனுக்குப் புத்தி வந்தது. என்ன வேலை செய்துகொண்டிருக்கிறோம்? படலை வரை போன மனிதனைக் கூப்பிட்டு வைத்து, காரை அவர் கையில் கொடுப்பதற்கல்லவா பாடுபட்டு முறிகிறோம்! இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இந்த ஒன்றை அப்படியே விட்டுவிடலாம். ஒரு வால்வு போதும், டக் டக் என்று அடிக்கும். பாத்தியளோ ஐயா, ஏதோ உள்ளுக்குப் பழுதுதான் போல என்று கையை விரித்துவிடலாம். மனிதர் போய்விடுவார். கார் மாமரத்தடியில் நிற்கும். திருகாணியில் வைத்த திருப்புளி அசையாமல் நின்றது. பின்னால் பஞ்சலிங்கத்தின் மூச்சு. முன்னால் வித்தியாவின் கொண்டை, அதுவும் அசையவில்லை.

நனைந்த பெண்சாதியை நினைத்தான், கொடுத்த வாக்கை நினைத்தான், அதனால் கடைசி வால்வையும் சரியாக வைத்தான் என்று சொல்லிவிட்டால் கோகுலனுக்கு எவ்வளவு மரியாதையாக இருக்கும்! உண்மை அப்படி இல்லை. அவன் அப்போது வித்தியாவை நினைக்கவில்லை. மழையை நினைக்கவில்லை. ஏழு வால்வு பதினாறில் நிற்க, ஒன்று மட்டும் முப்பதில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு மூடியைப் பூட்டக் கை மறுத்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. திருப்புளி தானாகத் திரும்பியது. நட்டை இறுக்கி, தகட்டை இழுத்துப் பார்த்தான். கொஞ்சம் பிடித்தது. திரும்ப இளக்கி, இன்னொரு முறை வைத்தான். இப்போது பட்டும் படாமலும் வந்தது.

பிளக்குகளைப் பூட்டிச் சாவியைத் திருப்பினான்.

இரண்டு காபரேற்றரும் சேர்ந்து மூச்சிழுத்தன. வால்வுகள் தையல் மெசின் மாதிரி ஒரே சீராகக் கிறுகிறுத்தன. கிலுகிலுப்பை போன இடம் தெரியவில்லை. பஞ்சலிங்கம் காரின் மட்காட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு அவனைப் பார்த்து, “தம்பி, நான் சொன்னது பிழை. வாபஸ் வாங்கிறன். உது எஞ்சின்,” என்றார்.

அந்த ஒரு சொல்லில் கோகுலன் கவிழ்ந்தான். கேம் தண்டு எங்கிருந்து வந்தது, என்ன எண்ணெய் விட வேண்டும், காலமையில் எப்படி ஸ்ரார்ட் பண்ண வேண்டும், வல்லை வெளியில் எந்தக் கியரில் எப்படி இழுக்கும் என்று அவன் வாய் ஓயவே இல்லை. பஞ்சலிங்கம் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டார், அதுவும் நல்ல கேள்விகள். இப்படி ஒருவர் கேட்க வேண்டும் என்று அவன் எத்தனை நாள் ஏங்கியிருப்பான்! சொல்லி முடித்து மூச்சு வாங்கியபோது, காரை விற்று முடித்திருந்தான். விலை பேசிக் காசும் வாங்கி, பெயர் மாற்றுகிற அலுவலைத் திங்கட்கிழமை பார்ப்பது என்று பேச்சாயிற்று. சாவி கை மாறியது.

“எஞ்சினிலை நான் கை வைக்கமாட்டன். வால்வு பாக்கிற நேரம் உங்களைத்தான் கூப்பிடுவன்,” என்று சொல்லிவிட்டுப் பஞ்சலிங்கம் காரில் ஏறினார்.

கோகுலன் படலையைத் திறந்துவிட்டு ரோட்டில் இறங்கி நின்றான். கார் கண்ணுக்கு மறைந்தாலும் சத்தத்தையாவது கொஞ்சத் தூரம் கேட்டுக்கொண்டு நிற்கலாம் என்று எண்ணினான். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை. குணலட்சுமி அக்கா வீட்டு வேலி தாண்டும்போதே, யாரோ போட்டிருந்த ரேடியோச் சத்தத்துக்குள் அது அமுங்கிப்போயிற்று. அவ்வளவு நன்றாக வைத்திருந்தான். அவனுக்கு அழுகை வந்தது. பெருமையாகவும் இருந்தது. எதற்காக எது வருகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வித்தியா வந்து பக்கத்தில் நின்றாள்.

“நேற்று இளக்கினது நீங்கள்தானே?”

“ஓம்.”

“விக்க விருப்பமில்லை எண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன?”

“விப்பம் எண்டது நான்தானே. என்ன முகத்தோடை வந்து மாத்திச் சொல்லுறது?” என்றான். பிறகு, இவ்வளவு நாளும் சொல்லாததையும் சொன்னான். “இந்த வளவுக்குள்ளை எனக்கெண்டு கிடந்தது அது ஒண்டுதான், வித்தியா.”

அவள் சிரிக்கவில்லை. அவனுடைய எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கும் அந்தக் கார் போறது கவலைதான். ஆனா குனிஞ்சு குனிஞ்சு எனக்கு நாரி விட்டுப்போச்சு, இடுப்பை நிமித்தேலாமல் கிடக்கு. அதாலைதான் அண்டைக்கு ஓம் எண்டனான்.” கார் போன பக்கம் பார்த்தாள். “கடைசி வால்வை நீங்கள் அப்பிடியே விட்டிருந்தா நான் வாய் திறந்திருக்கமாட்டன்.”

“என்ன?”

“அதுதான் ஏழு எண்டு சொல்லப் பிந்தினனான். நாரி முறிஞ்சாலும் பரவாயில்லை, உந்த மனிசன் போகட்டும், கார் கிடக்கட்டும் எண்டு முடிவெடுத்துப்போட்டுத்தான் சொன்னனான். இப்ப விடுவார், இப்ப விடுவார் எண்டு ஹாண்டிலைப் பிடிச்சபடி பாத்துக்கொண்டிருக்கிறன். நீங்கள் என்னண்டா ரெண்டாம் தரமும் தகட்டை விட்டுச் சரி பாக்கிறியள்.”

கோகுலன் அவளை விழித்துப் பார்த்தான். காரைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டும், அந்த வளவுக்குள் அதை விற்றே தீருவது என்று நின்ற ஒரே ஆள் தான்தான் என்பது அவனுக்கு மெதுவாக விளங்கியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ரோட்டில் நிற்கிறோம் என்றும் பாராமல் இரண்டையும் செய்தான். வித்தியாவும் சிரித்தாள். வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த குணலட்சுமி அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“வாருங்கோ,” என்றாள் வித்தியா. “கையைக் கழுவுங்கோ. நெல்லியடியிலை ஒரு நாலு கதவுக் கார் நிக்குதாம். பஸ்ஸிலைதான் போகவேணும்.”